ஹேதியா விற்க மறுத்த ரீல்

முன்னறையிலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பி, தொண்டை அடைத்தாற்போல் பாதியில் நின்றது. அடுப்படியில் மிளகாய் கீறிக்கொண்டிருந்த ஹேதியாவின் கத்தியும் நின்றது. யாரோ கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மீன்பிடி உருளை ரீலைச் சுழலவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேகத்தை அடக்கத் தெரியாமல் தூண்டில் நரம்பான தங்கூசி சிக்கிக் குருவிக்கூடாகிவிட்டது. அந்த ரீலை அடக்குவது கட்டைவிரல் ஒன்றுதான்.

கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மொங்கி. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். போன வருஷம் வடக்கயிற்றில் வலது கட்டைவிரல் நசுங்கியதோடு வேலையும் போயிற்று. விரல் ஆறிவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காப்பி கொண்டாறேன் அண்ணே, உக்காருங்க" என்று குரல் கொடுத்தாள்.

பிஸெர்த்தாவின் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஹேதியாவின் வீட்டு முன்னறைதான் கடை. சிசிலிக்குக் கப்பலேறிய கணவன் ஒரு கடுதாசிகூடப் போடாத அந்த வருஷம், அவள் அழுதுகொண்டே மணலில் புழு தோண்டி, தூண்டில்காரர்களுக்கு விற்றாள். எவனோ குப்பையில் வீசிய ரீல் ஒன்றை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் திருகு திருகாகக் கழற்றிப் போட்டு, பதினோரு நாள் போராடித் திரும்பப் பூட்டினாள். அது சுழன்றது. இன்று ரஃப்ராஃப் ஊரிலிருந்துகூட ஆண்கள் அவளிடம் ரீலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆளுக்கு ஒத்துவராத ரீலை அவள் கையால் விற்றதே இல்லை. எத்தனை பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய காப்பியைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, விளிம்பைப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்த உருளை ரீலு எனக்கு வேணும் தங்கச்சி" என்றார் மொங்கி, சிக்கலை உள்ளங்கையால் மறைத்தபடி. "ஞாயித்துக்கிழமை தூண்டில் கிளப்புப் போட்டி. இந்தத் தடவையும் வரலேன்னா பேரை அடிச்சிடுவோம்னு செயலாளர் சொல்லி அனுப்பிட்டான். வீட்டுல யாரு இருக்கா எனக்கு? அந்தக் கடக்கரையும் இல்லேன்னா செவுத்தைப் பாத்துட்டு உக்கார வேண்டியதுதான்."

"காப்பி ஆறுது, குடிங்க."

தம்ளரை எடுத்தார். கட்டைவிரல் கொதிக்கும் கண்ணாடியில் முழுசாகப் பதிந்திருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. ஹேதியா மெல்ல அவர் கையைப் பற்றி, ஆள்காட்டி விரலைத் தம்ளரில் வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது."

"இது சுடுது. அது ஏன் சுடலே?"

மொங்கியின் கண்கள் கலங்கின. ஓர் ஆண்பிள்ளை ஒரு வருஷமாய் ஊருக்கெல்லாம் மறைத்த விரல் மரப்பு ஒரு காப்பித் தம்ளரில் வெளிப்பட்டுவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் எதுக்கு அண்ணே சொல்றேன்? ஞாயித்துக்கிழமை இந்த ரீலே சொல்லிடும். மொத வீச்சுலயே சிக்கி, அத்தனை பேருக்கு முன்னால பிரிச்சிட்டு நிப்பீங்க." பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து பெரிய ஸ்பின்னிங் ரீல் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "இதுல உருளை அசையாது. தங்கூசிதான் உருவிட்டுப் போகும். கட்டைவிரலுக்கு இங்க வேலையே இல்ல. ஆள்காட்டி விரல்ல பிடிச்சு, வீசுறப்ப விட்டாப் போதும்."

மொங்கி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கோடையில குளிக்க வர்ற பொடிசுங்க வெச்சிருக்கிறதா? எனக்கு வளையல் வாங்கிக் குடுத்திடேன், பொருத்தமா இருக்கும்."

அந்தக் கிளப்பில் அப்படித்தான் ஒரு கிறுக்கு. உருளை ரீல் பிடிப்பவன்தான் ஆம்பிளை. அதற்காகவே மணிக்கணக்கில் சிக்கல் பிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

"போன மார்கழியில அலைதாங்கிச் செவுத்துல ஒம்பது கிலோ கொடுவா ஏறிச்சே, யாரு புடிச்சது?"

"நீதான்."

"எதுல?"

அவர் மடியில் கிடந்ததைப் பார்த்தார்.

"என் கையில பத்து விரலும் நல்லாத்தான் இருக்கு, அண்ணே. அப்படியும் இதைத்தான் பிடிக்கிறேன். எனக்கு மீன் வேணும், அவனுங்களுக்குப் பேரு வேணும். உங்களுக்கு என்ன வேணும்?"

மொங்கி ஆள்காட்டி விரலை வளைத்துத் தங்கூசியைத் தொட்டார். இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். அந்த ஒற்றை விரலில் அவருடைய உயிர் முழுவதும் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் தோன்றியது ஹேதியாவுக்கு.

"தெரியுது" என்றார். "இழுவை தெரியுது."

எட்டு மாதமாய் விலைபோகாத உருளை ரீலை எடுத்து, அவர் செய்த சிக்கலோடு அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டினாள் ஹேதியா. அந்தச் சிக்கலுக்காக அவர் பணம் நீட்டினார், அவள் வாங்கவில்லை.

"சரி, இதையே கட்டிக்கொடு. கறுப்புப் பையில போட்டுக்கொடு, வழியில அவனுங்க கண்ணுல பட வேணாம்."

"பை இல்லியே அண்ணே."

அவள் தலைக்கு மேலே ஆணியில் ஒரு கட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. மொங்கி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரலே உனக்கு."

ரீலை வெறுங்கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, ஹேதியா கதவைச் சாத்தினாள்.