நான் ஊற்றாத பசை

காலையில் எழும்போது தலையணை உறையில் மஞ்சளாகக் காய்ந்திருக்கும் சீழின் வீச்சம்தான், சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எனக்கு எட்டு வயதான அந்த ஆண்டை நினைத்தால் முதலில் வருகிறது. இரண்டு காதும் மாதம் தவறாமல் வலித்து, ஒழுகி, அடைத்துக்கொள்ளும், இடதுதான் மோசம். தோட்டத்து மருந்தகத்தில் "டிரெஸர்" கொடுக்கும் சொட்டு மருந்துக்கு நாலு நாள் அடங்கும், மறுபடி தொடங்கும். யார் பேசினாலும் பாதிதான் கேட்கும். திரும்பக் கேட்டால் வகுப்பில் "டமாரம்" என்று சிரிப்பார்கள் என்பதால், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவைக்கப் பழகியிருந்தேன்.

ஒருநாள் அப்பா பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகாமல் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த மலாய்க்கார டாக்டர், உள்ளே பசை மாதிரி கட்டியிருக்கிறது, சின்னக் குழாய் வைத்தால் வடிந்துவிடும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அறுவைக்கு நாளும் குறித்துக் கொடுத்தார். அப்பாவுக்குத் தெரிந்தது சந்தை மலாய். பள்ளியில் காகிதம் ஒட்டும் பசையை மலாயிலும் "கம்" என்பார்கள், நாங்களும் "கம்" என்போம்; அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் பையிலிருந்த "கம் போத்தலை" எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டி ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை, தலையாட்டினேன். கன்னத்தில் அறை விழுந்தது. "காதுக்குள்ள கம்ம ஊத்துனியா" என்று அவர் கேட்டதை அம்மா கத்திச் சொன்ன பிறகுதான் விளங்கி, ஊற்றவில்லை என்று அழுதேன். பொய் வேறா என்று இன்னொன்று விழுந்தது.

"இதுக்குப் போயி புள்ளைய அறுக்கணுமா? எண்ணெ ஊத்துனா கரைஞ்சிரும்லா," என்றார் அப்பா. குறித்த நாளில் நாங்கள் போகவில்லை. வெதுவெதுப்பான எண்ணெய் ஒரு மாதம் ஊற்றியதில் சீழ் அதிகமானதுதான் மிச்சம். பிறகு வலது காது எப்படியோ தேறியது. இடது காது போனது போனதுதான்.

போன மாதம், அதே தொல்லைக்கு என் மகளை ஈப்போ ஆஸ்பத்திரியில் காட்டினேன். துணைக்கு அப்பாவும் வந்தார். தமிழ்ப் பெண் டாக்டர் பார்த்துவிட்டு, "உள்ள கம் மாதிரி இருக்குக்கா," என்றதும், அப்பா பேத்தியின் தலையைத் தடவிச் சிரித்தார்.

"நீயும் ஒங்கம்மா மாதிரி கம்ம ஊத்திக்கிட்டியா? பரவால்லலா, தாத்தா அடிக்க மாட்டேன்."

முப்பது ஆண்டுகளாக அவர் என்னை நம்பவே இல்லை, மன்னித்து மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

"யாரும் ஊத்துறதில்ல அங்கிள். உள்ள தங்குற தண்ணி கெட்டியாயிடும், அதத்தான் அப்படிச் சொல்றோம்," என்றார் டாக்டர். அப்பா பேத்தியின் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மகளுக்குக் குழாய் வைக்க நாள் வாங்கிக்கொண்டோம்.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, நாங்கள் குடியிருந்த லயங்களும் இடிபட்டு, அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. அன்று என் கன்னத்தில் விழுந்த அறைக்குச் சாட்சி என்று இனி நாங்கள் இருவர்தான். குனோங் ராபாட்டிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் காரோட்டித் திரும்பும்போது, அப்பா பக்கத்து இருக்கையில், என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்தபடி வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.