ஒண்ணுமில்லை என்ற வாய்

ரேடியோவின் முன்பற்கள் இரண்டும் உடைந்தது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த கதை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதற்கு ஆள் அவர்தான். ஸ்கேன் எடுப்பது அவருக்குப் பிழைப்பு, பேசுவது பிறவிக் குணம். படுக்கவைத்த ஆளின் பயம் தெளியும்வரை எதையாவது அளந்துகொண்டே இருப்பார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

அன்று ஒரு லாரி டிரைவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நிறுத்தியிருந்த லாரிக்குள்ளேயே சாய்ந்து கிடந்தாராம். வாய் கோணியிருந்தது, வலது கை தொங்கிவிட்டது, பேச்சில்லை. பக்கவாதம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. மூட்டை தூக்கும் மகன், மலைபோல உடம்பு, கதவோரம் நின்று விம்மி விம்மி அழுதான். தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை. அந்த அழுகையைத் தாங்கமாட்டாமல் ரேடியோ சொல்லிவிட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. தலை சுத்தமா இருக்கு."

அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி மனுஷன்! ரத்தக்குழாய் அடைத்த புதிதில் அந்த ஸ்கேனில் மூளை நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். எம்ஆர்ஐயில்தான் குட்டு வெளிப்படும். அடைப்பு புதிதென்று அது காட்டினால் கரைக்கிற ஊசி போடலாம். டாக்டர் உடனே எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்.

மகன் கொதித்துப்போனான். "ஒண்ணுமில்லன்னு நீதானடா சொன்ன? அப்புறம் எதுக்கு இன்னொரு ஸ்கேன்? எங்களப் பாத்தா இளிச்சவாயன் மாதிரி தெரியுதா?" தள்ளுவண்டியை வாசல் பக்கம் திருப்பினான். "வாப்பா, வீட்டுக்குப் போலாம்."

ரேடியோ குறுக்கே விழுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "தப்பா சொல்லிட்டேன்ப்பா! கூட்டிட்டுப் போயிடாத!"

முதல் குத்து மூக்கில் விழுந்தது. அடுத்ததில் பல் தெறித்தது. விலாவில் எட்டி எட்டி உதைத்தான். சலைன் ஸ்டாண்டை உருவி முதுகில் மாறி மாறிச் சாத்தினான். பிடியை விடுவிக்க விரல்களை மிதித்தான், இரண்டு ஒடிந்தன. அவர் விடவில்லை. காவலாளிகள் ஓடிவந்து அவனைச் சுவரோடு சேர்த்து அமுக்கியபோது தரையெல்லாம் ரத்தம். வண்டியில் கிடந்த அப்பா அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க ஒரு சொல் வரவில்லை.

எம்ஆர்ஐயில் மூளையின் இடப்பக்கம் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. அடைப்பு புதிதுதான். ஊசி போட்டார்கள். கை பிழைத்தது. பேச்சு திரும்பவே இல்லை.

சில நாள் கழித்து மகன், ரேடியோ படுத்திருந்த கட்டிலருகே வந்து தலைகுனிந்து நின்றான். "அண்ணே, நான் அடிச்சு வீணாக்கின நேரத்துலதான் அப்பாவோட பேச்சு திரும்பாமப் போச்சா?"

ஆறுதலாக ஒரு பொய் நாக்குநுனி வரை வந்தது. ரேடியோ அதை விழுங்கினார்.

"பாதி உன் கையால போச்சு. பாதி என் வாயால."