சிவப்பு விழுந்த செல்கள்

போன வாரம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். முதுகில் மருந்தடிக்கும் மெஷின். அதை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து கிடந்தது.

“பேட்டரி சுடுதுங்க. அடுப்ப முதுவுல கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்குது.”

நான் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும்... உள்ளே இருப்பவை என் சோதனை மெஷின் சிவப்பு விளக்குக் காட்டிய செல்கள்.

எனக்கு இப்போது விருத்தாசலத்தில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை. படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. திருப்பூர், சூரத், ஓசூர் என்று சுற்றியதில் சால்டரிங் கைக்கு வந்தது. பழைய லேப்டாப், இ-பைக் பேட்டரிகளை உடைத்து, உயிருள்ள செல்களை எடுத்துப் புதிதாகக் கட்டுகிற கடை. எது உயிருள்ளது? மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். வேலை கொடுத்தால் படுத்துவிடும்.

அதனால் நானே ஒரு சோதனை மெஷின் செய்தேன். குட்டி கன்ட்ரோல் போர்டு, நாலு ரிலே, பழைய கம்ப்யூட்டரின் சப்ளை, சூடு பார்க்கும் சென்சார். அடியில், செராமிக் கம்பெனி கழித்துப் போட்ட சூளைத் தட்டுகள். செல்லை மாட்டினால் போதும் — தானே சார்ஜ் ஏற்றும், தானே இறக்கும், எவ்வளவு தாங்கியது என்று கணக்குப் போடும். தேறினால் பச்சை விளக்கு. சூடேறினாலோ சீக்கிரம் இறங்கினாலோ சிவப்பு.

சிவப்பையெல்லாம் கழித்து ஒதுக்கினேன். முதலாளி செல்வராசு அண்ணன் சிரித்தார்.

“என்னா தம்பி, இந்த ஊருக்குப் புதுசா நீ? கீறல் வுட்ட கக்கூஸ் பீங்கானே இங்க செகண்ட்ஸ்னு விக்குது. செல்லு விக்காதா?”

“பீங்கான் கீறினா ஒழுவும்ண்ணே. இது எரியும்.”

“எரிஞ்சா எடுத்துக்கிட்டு வரட்டும், பாத்துக்கலாம்.”

அன்றிலிருந்து பச்சை, டவுன்காரர்களின் ஸ்கூட்டருக்கு. சிவப்பு, குறைந்த விலைக்கு, கொல்லைக்காட்டில் மருந்தடிக்கிறவர்களுக்கு. முன்பு நல்லதும் கெட்டதும் கலந்து போனது. எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தது. இப்போது ஒரு கெட்ட செல்கூட வழி தவறுவதில்லை. இல்லாதவன் முதுகைத் தேடிச் சரியாகப் போய்ச் சேருகிறது. இதற்காகவா ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தேன்?

அன்று அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். முதுகு சிவந்து வந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

“ஐயா, இது செகண்ட்ஸ் செல்லு. பச்சையா போட்டுக்கிங்க.”

“சொல்லித்தாங்க குடுத்தாரு. பச்சை வாங்கக் காசுக்கு எங்க போறது? முந்திரி பூ வுட்டிருக்குது, நாளைக்கே மருந்து அடிச்சாவணும்.”

நானே மாற்றிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். பச்சை செல்கள் இருக்கும் அலமாரியின் சாவி அண்ணன் இடுப்பில்.

வந்தவர் என் சோதனை மெஷினை எட்டிப் பார்த்தார்.

“இந்தத் தட்டு சூடு தாங்குமா?”

“நல்லா தாங்கும்.”

“அப்ப ஒண்ணு குடுங்க. முதுவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல வெச்சிக் கட்டிக்கிறேன்.”

ஓடிக்கொண்டிருந்த சோதனையை நிறுத்திவிட்டு, அடியிலிருந்து ஒரு தட்டை உருவிக் கொடுத்தேன்.

சிவப்பு வாங்கியவருக்கு எங்கள் கடை கொடுத்த ஒரே கேரண்டி — அந்தத் தட்டுதான்.