மாயவன் கழுத்து

மரக்காணத்து உப்பளத்தில் மாயவனைப் போலத் தலைச்சுமை தூக்க ஆள் கிடையாது என்று சொன்னது வேறு யாருமில்லை, மாயவன்தான். மற்றவர்கள் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் அவன் பேச்சை நிறுத்தமாட்டான் என்ற பயம். ஆனால் ஆள் கெட்டி, அதில் சந்தேகமில்லை. மீசை முளைத்த காலம் தொட்டு உப்புக் கூடையைத் தலையில் ஏற்றி, வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போய், மலைபோலக் குவிந்த அம்பாரத்தின் மேல் ஏறி, உச்சியில் நின்று கழுத்தை முன்பக்கமாக ஒரு வெட்டு வெட்டுவான். உப்பு கொட்டிவிடும். அடுத்த கூடைக்குத் திரும்பிவிடுவான்.

அந்தக் கழுத்துதான் பின்னால் அவன் மானத்தை வாங்கியது.

எல்லாம் காலில் ஆரம்பித்த வினை. உப்புத் தண்ணீரிலேயே நின்று பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறிப் புண்ணாகி, படுத்தால் எரிச்சல், நடந்தால் குத்தல். இரண்டாயிரத்து ஐந்தில் ஐப்பசி மழை விடாமல் ஊற்றி, அளம் முழுக்க முங்கி, வேலை நின்றது. மாயவன் டீக்கடையில் உட்கார்ந்து, மேஸ்திரி கலியபெருமாளின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

"இனிமே அளத்துல என் காலு படாது மேஸ்திரி."

அளத்துக்கு ஆள் சேர்ப்பவர் கலியபெருமாள். இந்த மாதிரி வீரவசனம் வருஷா வருஷம் கேட்டுப் பழகியவர். டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார். "மாசி பொறக்கட்டும்பா. தண்ணி வடிஞ்சா உன் காலு தானா வரும்."

டீக்கடையே சிரித்தது. மாயவனுக்குக் காதுவரை எரிந்தது. காலைக் காப்பாற்றுவது ஒரு பக்கம், இனி இந்தச் சிரிப்பை அடக்கியாக வேண்டும்.

வழி கண்ணெதிரிலேயே இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததிலிருந்து மணிலாக்கடலை விளைந்த கொல்லைகளெல்லாம் மஞ்சள் கல் நட்ட மனைகளாகிவிட்டன. நிலத்தை விற்றவன் தன் மகள் பேரில் ஒரு நகர், மருமகள் கோபித்துக்கொண்டால் அவள் பேரில் இன்னொரு நகர். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் படுக்கப் பயந்தவர்கள், பிரம்மதேசம் பக்கத்திலிருந்து வந்த உத்தியோகக்காரர்கள் என்று தினம் யாராவது கட்டிலும் பீரோவுமாக வந்து இறங்கினார்கள். அரசப்பன், முருகையன் என்று இரண்டு அளத்துச் சுமைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, 'வீடு மாற்ற மாயவன்' என்று டீக்கடைச் சுவரில் கரியால் எழுதினான். ஏர் ஓட்ட நிலமில்லாமல் சும்மா நின்ற ஒரு டிராக்டரும் சேர்ந்துகொண்டது.

முதல் வேலை ஜெயசீலன் சார் வீடு. ஆரோவில்லில் கணக்கு எழுதுகிறவர், நிதானமான மனிதர். மாயவன் பாத்திர டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றினான். புது வீடு, மழைத்தண்ணீருக்குப் பயந்து உயரமாகக் கட்டியது. நல்ல செங்குத்தான படிகள். கால் ஏற ஏற மாயவனின் உடம்பு எதையோ நினைத்துக்கொண்டது. கடைசிப் படியில் நின்றான். கழுத்து ஒரு வெட்டு வெட்டியது.

பெட்டி வாய் பிளந்து, அண்டா ஒரு மூலைக்கு, குண்டான் ஒரு மூலைக்கு. தட்டுகள் கூடமெங்கும் சுழன்று சுழன்று அடங்கின. ஜெயசீலன் சாரின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கை தவறிடுச்சி சார்" என்றான் மாயவன். கை எங்கே தவறியது? கை பாட்டுக்குச் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

சமதரையில் ஒரு குறையுமில்லை. மாயவன் தன் குடிசை வாசலில் சட்டிபானையை ஏற்றி ஒத்திகை பார்த்தபோது அசையாமல் நடந்தான். படியைக் கண்டால் மட்டும் அந்தப் பாழாய்ப்போன கழுத்துக்கு அம்பார ஞாபகம் வந்துவிடும். கையில் பிடித்துத் தூக்கினால் என்ன என்று கேட்பீர்கள். உப்பு அரித்துத் தேய்ந்த உள்ளங்கை, வழவழப்பான சாமான் நழுவிக்கொண்டு ஓடும். அதுவும் பார்த்தாயிற்று. கூட்டாளிகளுக்கும் அதே கழுத்துதான். அடுத்த வீட்டில் அரசப்பன் ஒரு டிவியைக் கொட்டினான். கீழே மெத்தை கிடந்ததால் டிவி பிழைத்தது, தொழில் பிழைக்கவில்லை. கூட்டாளிகள் இருவரும் சொல்லாமல் கழன்றுகொண்டார்கள். டீக்கடைச் சுவரில் எவனோ வீடு என்ற சொல்லை அடித்துவிட்டு 'உப்பு' என்று எழுதி வைத்தான்.

தை பிறந்தது. வருகிற ஒரு முகூர்த்த நாளில் பிரம்மதேசத்திலிருந்து டீச்சர் சத்யப்ரியா குடிவர வேண்டும், சுமை தூக்க வேறு ஆள் அகப்படவில்லை. டீச்சர் மாயவனைத் தன் பிரம்மதேசத்து வீட்டுக்குக் கூப்பிட்டு, சுவரில் சாய்த்திருந்த ஆளுயரக் கண்ணாடியைக் காட்டினாள்.

"இது உடைஞ்சா எங்க மாமியார் அந்த வீட்ல காலே வெக்க மாட்டாங்க. முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லிடுங்க."

"முடியுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. இதுவும் போனால் மாசியில் அளத்தில் போய் நிற்பதைத் தவிர வேறு கதியில்லை என்று மாயவனுக்குத் தெரியும்.

அவன் மனைவி கொளஞ்சியம்மாள் அதே அளத்தில் பாத்தியில் உப்பு வாரிக் கூடை நிரப்புகிறவள். தூக்கிக் கொட்டுகிற வேலை அவளுக்கு இல்லை. அன்று இரவு சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"நானும் வர்றேன்."

"நீ வந்து இன்னா பண்ணுவ?"

"உன் கழுத்தப் புடிக்கிறேன்யா. வேற இன்னா?"

முகூர்த்த நாளில் மஞ்சள், உப்பு, சாமி படம் எல்லாம் முறைப்படி முதலில் உள்ளே போயின. அப்புறம் கண்ணாடி. கம்பளி சுற்றி, படுக்கவைத்து, மாயவன் தலையில் ஏற்றினார்கள். படிக்கட்டு வந்ததும் கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனுக்கு எதிரே திரும்பி நின்று, உள்ளங்கையை அவன் நெற்றியில் அழுத்தி, பின்பக்கமாகவே படி ஏறினாள். காய்ச்சல் பார்க்கிறவள் மாதிரி இருந்தது. தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"ஏறு. பொறுமையா ஏறு. என் மூஞ்சியப் பாரு."

"அதத்தான் பாக்குறேன்."

"பேசாத. இன்னும் ஒரு படிதான்."

கடைசிப் படி. கழுத்து துடித்தது. கொளஞ்சியம்மாள் இரண்டு கையாலும் அவன் நெற்றியைத் தள்ளிப் பிடித்தாள். "யோவ், உப்பு இல்லய்யா அது. கண்ணாடி. உள்ள வா."

உள்ளே வந்தான். இறக்கினார்கள். கம்பளியை உருவியதும் டீச்சர் அதில் தன் முகத்தைப் பார்த்து, கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். மாயவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

கண்ணாடி ஏறிய கதையை டீச்சர் போகிற இடமெல்லாம் சொன்னாள், டீச்சர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அதற்குப் பிறகு தினமும் ஆள் வந்தது. வந்தவர்கள் மாயவனைக் கேட்கவில்லை, "அந்த அக்கா இருக்காங்களா?" என்றார்கள். மாயவன் அதைக் காதில் வாங்காத மாதிரி நடந்துகொண்டான். கொளஞ்சியம்மாள் படிக்குப் படி புருஷனைத் திட்டிக்கொண்டே ஏறும் சத்தம் கேட்டால், எந்த நகரில் குடிவருகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

மாசியில் தண்ணீர் வடிந்து பாத்தி காய்ந்தது. விடிந்ததும் கலியபெருமாள் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

"இன்னா மாயவா, கெளம்பலாமா?"

இதற்காகத்தானே காத்திருந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக எழுந்தான்.

"எனக்கு வேல கெடக்குது மேஸ்திரி. நீங்க வேற ஆள பாத்துக்குங்க." சொல்லிவிட்டு உள்ளே திரும்பினான். "கொளஞ்சி, நீ கெளம்பு. மேஸ்திரி நிக்குறாரு பாரு. ரெண்டு கூலி வரட்டும், இங்க நான் ஒருத்தனே எப்படியோ சமாளிக்கிறேன்."

கொளஞ்சியம்மாள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் நீட்டினாள்.

"என் காலு மட்டும் இன்னா, சிமெண்டுல ஊத்துனதா?"

மாயவன் பார்த்தான். வேலை நின்று நாலு மாதம் ஆகியும் ஆறாமல், பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் சதை சிவந்து கிடந்தது. அவன் காலைவிட மோசம். தன் காலைப் பற்றி ஊரெல்லாம் பேசித் தீர்த்தவன், ஒரே பாயில் படுக்கிறவளின் காலை ஒரு நாளும் பார்த்ததில்லை.

வெளியே சைக்கிள் மணி அடித்தது. "ஏம்பா, யாராவது ஒருத்தராவது வர்றீங்களா இல்லியா?"

"இல்ல மேஸ்திரி" என்றான் மாயவன், அவள் காலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு பேரும் வரல."