ஊதல்குழியின் கண்ணில்லாப் பூச்சி

தாரிங்காவின் அண்ணன் ஒப்ரன் ஊதல்குழிக்குள் இறங்கியவன் திரும்பி வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு நவம்பர் மாதம் அது. அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. திரேபின்யே பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

போபோவோ சமவெளியில் இப்படிப்பட்ட குழிகள் நிறைய உண்டு. கோடையில் ஆற்றுநீரைக் குடிக்கும். மழை பிடித்துக்கொண்டால் குடித்ததையெல்லாம் திருப்பிக் கக்கும். ஊதல்குழி கக்குவதற்கு முன்னால், உள்ளே தண்ணீர் ஏற ஏற, நாள்கணக்கில் மூச்சு விடும். அப்போது அதன் வாயில் தொப்பியைப் போட்டால் உள்ளே விழாது, மேலே எழும்பும்.

ஒப்ரனோடு இறங்கியவன் லாசோ. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒப்ரன் அடி அறைவரை போனான். லாசோ நடு மேடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். குகைகளில் கிடைப்பதைச் சேகரிப்பது ஒப்ரனுக்குப் பித்து; அன்று சேகரித்ததை ஒரு பையில் போட்டுக் கயிற்றில் கட்டி அனுப்பினான். பை மேலே வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது.

மூன்று நாள் கழித்து லாசோ தாரிங்காவின் வீட்டுக்கு வந்தான். ஒரு நொடியில் முடிந்துவிட்டது, அவன் ஒன்றுமே உணர்ந்திருக்க மாட்டான் என்று தாய் சவேத்தாவிடம் சொன்னான். பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனவன், அதன் பிறகு அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தவன் என்று ஊர் பேசியது. அடுத்த கோடையில் மீட்புக்காரர்கள் இறங்கிப் பார்த்தார்கள். அடி அறையில் சேற்றைத் தவிர எதுவும் இல்லை. அதற்கடுத்த ஆண்டு போர் வந்தது. ஊரில் காணாமல் போனவர்களின் பட்டியல் நீண்டது. குழியில் போன ஒருவனை யாரும் நினைக்கவில்லை.

போர்க்காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது தாரிங்கா அங்கிருந்த நுண்ணோக்கியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள், யாராவது கொள்ளையடிப்பதற்கு முன்னால். பார்க்க வேறொன்றும் இல்லாததால் அத்திமரத்தடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். அதில்தான் துள்ளுவாலிகள் அவளுக்கு அறிமுகமாயின. எள்ளைவிடச் சிறிய பூச்சிகள். வயிற்றுக்கடியில் மடித்து வைத்த கவட்டை ஒன்றைத் தட்டிவிட்டு எகிறும். மக்கிப்போன எதையும் தின்னும். பகல் முழுதும் குண்டுச் சத்தம் கேட்ட நாட்களில் அவள் அவற்றின் மயிர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எந்த உடல் வளையத்தில் எத்தனை மயிர், எது நீளம், எது குட்டை என்று பார்த்துத்தான் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியும். போர் முடிந்தபோது அந்த எண்ணும் பழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. லுப்லியானாவில் இருந்த ஒரு முதிய நிபுணரோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அது பற்றி யாரும் கேட்காத வயதும் வந்து சேர்ந்தது.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு வசந்தத்தில் சவேத்தாவுக்கு மூட்டு விட்டுப்போனது. படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. மரப்பெட்டியை நகர்த்தும்போது கிழவி அதைத் திறந்து அந்தப் பையை எடுத்தாள். இருபது ஆண்டுகளாக அவள் அதை யாரையும் தொடவிட்டதில்லை.

"உன் வேலைக்கு ஆகுற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு பாரு, மகனே" என்றாள்.

பெண் பிள்ளையையும் மகனே என்று கூப்பிடுவது அங்கே வழக்கம்தான். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ அம்மா கூப்பிடுவதுபோலத் தாரிங்காவுக்குத் தோன்றும்.

பைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருந்தது. கெடாமலிருக்க ஊற்றிய சாராயம் பாதி வற்றியிருந்தது. உள்ளே ஒரு காகிதத் துண்டு. பென்சிலில் எழுதியதால் அழியவில்லை. 'ஊதல்குழி, அடி அறை, பாலாடைக்கட்டி மேல். ஒப்ரன்.' அடியில் மூன்று வெள்ளைப் பொட்டுகள் கிடந்தன. நுண்ணோக்கியில் வைத்ததும் தாரிங்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணே கிடையாது. உடலில் நிறம் என்பதே இல்லை. உணர்கொம்பு உடம்பைவிட நீளம். கால்நகம் கதிரரிவாள்போல மெலிந்து வளைந்திருந்தது. ஈரப் பாறையில் வழுக்காமல் நடப்பதற்கான நகம். அவள் வைத்திருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

நிபுணருக்குப் படம் வரைந்து அனுப்பினாள். புதிய இனமாகத்தான் தெரிகிறது, ஆனால் மூன்றில் இரண்டு குஞ்சுகள், மூன்றாவதற்குக் கொம்பு உடைந்திருக்கிறது, இதை வைத்து விவரிக்க முடியாது என்று பதில் வந்தது. அதே இடத்திலிருந்து முழுதாக வளர்ந்த ஆணும் பெண்ணும் வேண்டும்.

அந்தக் குழியின் உள்வழி தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான்.

லாசோ நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் பஞ்சர் பார்க்கும் கடை வைத்திருந்தான். அவளைக் கண்டதும் கையைத் துடைக்கத் தொடங்கியவன் துடைத்துக்கொண்டே இருந்தான். ஊதல்குழிக்குள் இறங்க வேண்டும், ஒரு பூச்சி வேண்டும் என்று அவள் சொன்னாள்.

"பூச்சிக்கா? என் கடை மூலையில அந்தச் சாக்கைத் தூக்கிப் பாரு. வேணுங்கிறத அள்ளிட்டுப் போ."

அவள் காகிதத் துண்டை நீட்டினாள். லாசோ அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். பிறகு அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தான்.

"உங்கம்மாகிட்ட நான் பொய் சொன்னேன்" என்றான்.

"என்ன பொய்?"

"ஒரு நொடியில முடியல. ரெண்டு நாள் கேட்டுச்சு."

தண்ணீர் அடி அறையை மூடிய பிறகும் ஒப்ரன் எங்கோ உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். லாசோ மேலே வந்து, மீட்புக்காரர்களுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் குழியின் வாயிலேயே கிடந்திருக்கிறான். காற்று வெளியே வரும்போது அதோடு குரலும் வந்திருக்கிறது. வந்தவர்கள் காதில் அது விழவில்லை. காற்றுச் சத்தம், உனக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லி அவனுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள்.

"என்ன சொன்னான்?" என்று தாரிங்கா கேட்டாள்.

"பை வந்துச்சான்னு கேட்டான். வந்துச்சுடா, வந்துச்சுடான்னு தொண்டை கிழியக் கத்துனேன். அவனுக்குக் கேக்கல. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டான். மூணாம் நாள் காலைல கேக்கல." காகிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இப்பவும் மழை வந்தா கேக்கும். கம்ப்ரஸர ஓட விட்டுருவேன். வண்டியே இல்லாட்டியும் ஓடிக்கிட்டிருக்கும்" என்றான்.

ஆகஸ்டில், ஒரு மாதமாக மழையே இல்லாத நாளில் இருவரும் இறங்கினார்கள். தாரிங்காவுக்கு நாற்பத்து நான்கு வயது; கயிற்றில் தொங்கியதே இல்லை. லாசோ அவளை முடிச்சு முடிச்சாக இறக்கினான். அடி அறையில் மூன்று இடத்தில் பாலாடைக்கட்டி வைத்தார்கள். ஆட்டுத்தோல் பையில் புளிக்க வைத்தது. அந்த நாற்றம்தான் பூச்சிகளை வரவழைக்கும். எட்டு நாள் கழித்து மறுபடி இறங்கியபோது ஒவ்வொரு துண்டின்மேலும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒற்றை மயிர்த் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயில் விட்டாள். பதினான்கு கிடைத்தன.

கிளம்பும்போது லாசோ விளக்கை உயரத் தூக்கி, பக்கச் சுவரில் செங்குத்தாக மேலேறும் ஒரு பிளவைக் காட்டினான். குரல் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றான். மீட்புக்காரர்கள் தரையைத்தான் பார்த்தார்கள். அவன் முதலில் ஏறினான். மேலே போனதும் அவன் பூட்ஸ் சத்தம் நின்றது.

"நீ வராத" என்று குரல் வந்தது.

அவள் ஏறினாள்.

அது ஒருவர் கால் மடக்கி உட்காரக்கூடிய மேடை. துருப்பிடித்த கார்பைடு விளக்கு இருந்தது. ஒப்ரன் தன் ரப்பர் பூட்ஸ் இரண்டையும் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக நிறுத்தியிருந்தான். மற்றது கொஞ்சம்தான். துணி, எலும்பு, அவற்றுக்கடியில் கறுப்பாக மக்கிய ஒரு படலம். அந்தப் படலத்தின்மேல், பாலாடைக்கட்டி எதுவும் வைக்காமலே, வெள்ளைப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பாலாடைக்கட்டியில் கிடைத்தவற்றைவிடப் பெரியவை. விளக்கு வெளிச்சம் பட்டும் எதுவும் ஓடவில்லை.

தாரிங்கா உறிஞ்சுகுழலை எடுத்தாள். ஒரு முனையை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் மறுமுனையால் பூச்சி குப்பிக்குள் போகும். தன்னால் அதைச் செய்ய முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஆனால் செய்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஈர மண்வாசனை நெஞ்சுக்குள் இறங்கியது. லாசோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மேலே வந்து வெயிலில் உட்கார்ந்தபோது அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவன் கேட்டான். இப்போது ஒன்றும் வேண்டாம், முதலில் இது முடியட்டும் என்றாள். இது என்று அவள் சொன்னது புதிய இனத்தை விவரிக்கும் கட்டுரையை. பின்னாளில் அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவள் வெட்கப்பட்டதுபோல வேறெதற்கும் வெட்கப்பட்டதில்லை.

இரண்டு மாதம் வேலை செய்தாள். பூச்சிகளை அமிலத்தில் ஊறவைத்துக் கண்ணாடியாகத் தெளிய விட்டு, கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே பதித்து, நுண்ணோக்கியில் பொருத்திய வரைகுழல் வழியாக ஒவ்வொரு மயிரையும் வரைந்தாள். மேடையிலிருந்து எடுத்த ஒரு பெரிய பெண் பூச்சியை மூல மாதிரியாகத் தேர்ந்தாள். இனத்தின் பெயர் என்றென்றைக்கும் அந்த ஓர் உடலில்தான் ஒட்டியிருக்கும். அம்மா பக்கத்து நாற்காலியில் கம்பளிப் பின்னல் போட்டுக்கொண்டு, அது எங்கே இருக்கிறது, என்ன தின்னுகிறது என்றெல்லாம் கேட்பாள். பாலாடைக்கட்டி என்று தாரிங்கா சொன்னாள்.

டிசம்பரில், சமவெளி முழுதும் ஏரியாக நின்றபோது, ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திருத்தங்களோடு திரும்பி வந்தது. நல்ல வேலை என்று எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் மட்டும் ஒரு கேள்வி. 'மக்கிய உயிர்ப்பொருளின் மீது' என்று அவள் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில்: 'என்ன உயிர்ப்பொருள்? வௌவால் எச்சமா, மரமா? குறிப்பிடவும்.'

அந்த வரியை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்குப் போகாமல், அம்மாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பூட்ஸைப் பற்றியும் இரண்டு நாள் கேட்ட குரலைப் பற்றியும் சொன்னாள்.

சவேத்தா பின்னலை நிறுத்தவில்லை. வரிசை முடிந்ததும் ஊசியைக் கீழே வைத்தாள்.

"லாசோ பொய் சொன்னான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அவ்வளவு சீக்கிரம் போயிருந்தா அவன் தொண்டை ஏன் அப்படிக் கட்டியிருக்கும்?" என்றாள். பிறகு, "அத எனக்குக் காட்டு" என்றாள்.

தாரிங்கா அவளைத் தாங்கிப் பிடித்து நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தாள். கிழவி நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"இதுக்குக் கண்ணு எங்க?"

"கண்ணு கிடையாதும்மா."

"அப்ப அது அவனப் பாக்கல."

"பாக்கல."

"சரி" என்றாள். "பாத்திருந்தா என்னால பொறுத்திருக்க முடியாது."

அண்ணன் பெயரையே பூச்சிக்கு வைக்கப்போவதாகத் தாரிங்கா சொன்னபோது சவேத்தா தலையை அசைத்தாள். "வேண்டாம் மகனே. அவன் பேரு கல்லுல எழுத வேண்டியது. முதல்ல அவனக் கொண்டு வா."

தண்ணீர் வடிய ஜூலை ஆயிற்று. ஏழு மாதமும், அவன் இருக்கும் இடம் தெரிந்தும் போக முடியாமல் அந்த வீடு காத்திருந்தது. சவேத்தா தினமும் காலையில் சன்னலில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்வாள். ஜூலையில் காவல்துறையும் மீட்புக்காரர்களும் வந்தார்கள். லாசோ முன்னால் இறங்கினான். சாயங்காலத்துக்குள் ஒரு சிறிய பெட்டி மேலே வந்தது. அடக்கத்தன்று ஊர் வழக்கப்படி சவேத்தா கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் கொடுத்தாள். லாசோவுக்கு இரண்டு முறை கொடுத்தாள். ஊர் அதைப் பார்த்தது.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் தாரிங்கா மேடையில் பிடித்த பூச்சிகளை, மூல மாதிரியையும் சேர்த்து, அண்ணனோடு வைத்தாள். கட்டுரையைத் திருத்தி எழுதினாள். அடி அறையில் பாலாடைக்கட்டியில் கிடைத்த ஒரு பெண் பூச்சி புதிய மூல மாதிரியாயிற்று. ஒப்ரன் பிடித்த மூன்றும் துணை மாதிரிகளாயின. பூச்சிக்குக் குழியின் பெயரையே வைத்தாள். மேடையைப் பற்றிய வரியை எடுத்துவிட்டாள். அது ஒரு குறை என்று அவளுக்குத் தெரியும். அந்த இனம் எதன்மேல் நன்றாகச் செழிக்கிறது என்ற உண்மை எவருக்கும் எழுத்தில் கிடைக்காது.

கட்டுரை வெளிவந்தபோது ரொட்டிக் கடைக்காரி, இந்தப் பூச்சி கடிக்குமா என்று மட்டும் கேட்டாள். சவேத்தா இன்னும் இரண்டு ஆண்டு இருந்தாள். லாசோ ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வரத் தொடங்கினான். சவேத்தா போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

ஒரு நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட பகலில் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போதும் கேட்கிறதா என்று தாரிங்கா கேட்டாள்.

"இல்ல. நின்னுபோச்சு."

"அடக்கம் பண்ணின பிறகா?"

"அதுக்கு முன்னாடியே. கடையில உன்கிட்ட சொன்னேன் பாரு, அன்னிக்கே. அந்த மழைக்காலத்துலயே கம்ப்ரஸர நிறுத்திட்டேன்." அவன் முகம் இளைஞனுடையதுபோல லேசாக இருந்தது. "ஏன் கேக்குற?"

"சும்மாதான்" என்றாள் தாரிங்கா.

சமவெளிப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து, அவன் கோப்பையில் மிச்சக் காபியை ஊற்றினாள். அண்ணனின் குரலை அவள் இருபது ஆண்டுகளாக மறந்துவிட்டிருந்தாள். லாசோ கடையில் சொன்ன ஆண்டிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும், காற்று அந்தப் பக்கமிருந்து வரும்போதெல்லாம், ஓர் எழுத்துப் பிசகாமல் அது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.