கால்சா முற்றத்துப் பம்பு

இத்தாலியில் பலெர்மோ நகரின் கால்சா பகுதியில் ஒரு பழைய மாளிகை முற்றத்தில் நிற்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வீட்டில் வாழ்ந்த எஞ்சினியர் வார்த்த இரும்புப் பம்பிலிருந்து இன்றும் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. அவருடைய மகன்கள் இருவரும் அவர் பட்டறையிலேயே எஞ்சினியர்கள் ஆனார்களாம். நான் கோவையில் முப்பது வருடம் பம்பு வடிவமைத்தவன். என் மகன் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. வயிறு எரிகிறது.

"இது எப்படி இன்னும் ஓடுது?" என்று வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மன்னார்ப் பெண்ணிடம் கேட்கிறேன்.

அவர் மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "அது எப்பவோ நிண்டிட்டுது, அண்ணை. பின்னால சின்ன மோட்டர் ஒண்டு பூட்டுவிச்சிருக்கிறன். வீட்டுக்காரச் சின்யோராவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தன்ர பூட்டன்ர பம்புதான் ஓடுதெண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா."

இதைக் கேட்டுப் பொறாமை அடங்கியிருக்க வேண்டும், கூடித்தான் போகிறது. என் பம்புகள் நின்றபோது அதை மறைக்க ஒருவரும் மெனக்கெடவில்லை.