நல்ல சுவர்

வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களின் ஏற்றத்தாழ்வை ஆராய்வதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. தானும் அப்படி வந்தவள்தான் என்பதை மட்டும் ஆய்வில் சேர்ப்பதில்லை. அன்று கட்டடத் தொழிலாளர் விடுதிக்குப் போயிருந்தாள். அறைக்குப் பத்துக் கட்டில். சுவரெல்லாம் ஈரம் ஊறி உரிந்து கிடந்தது. ஒரு மூலைக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். வீட்டாரோடு வீடியோவில் பேசுகிறவர் அங்கேதான் உட்கார வேண்டுமாம்.

"வீட்ல நம்புறாங்களா?" என்று கேட்டாள்.

அங்கிருந்த வெல்டர் ஒருவர் சிரித்தார். "என் பொண்டாட்டி மாளிகைன்னே நினைச்சிட்டிருக்கா மேடம். பொண்ணுதான் ரூமைச் சுத்திக் காட்டுப்பான்னு உயிரை வாங்குது. சிக்னல் சரியில்லன்னு சொல்லிச் சமாளிக்கிறேன்."

'பாவம், இப்படியும் ஒரு பிழைப்பா' என்று நினைத்தபடி வீடு திரும்பினாள். வந்ததும் ஊரிலிருந்து அம்மாவின் வீடியோ அழைப்பு. தன் ஒற்றை அறையில் குவிந்து கிடந்த துணிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, வழக்கம்போலப் புத்தக அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்றது.

"அம்மா, வீட்டைக் கொஞ்சம் சுத்திக் காட்டேன்."

அம்மா அசையவில்லை. அவளுக்குப் பின்னால் எப்போதும் தொங்கும் அதே பூப்போட்ட திரை.

"இங்க சிக்னல் சரியில்லடி," என்றாள்.